நயினாதீவின் நாகவிகாரை

நயினாதீவுக்குப் போகும் நம் சகோதரிகளில் பலர் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டதும் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சத் தூரம் நடந்தால் நாகவிகாரை. ஆனால் விகாரை என்றாலே படையினரின் நினைவு வருகிறது, கால் எழுவதில்லை. அண்மையில் நான் உள்ளே சென்று பார்த்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரை பஸ், பிறகு படகு. திருவிழா நாட்களில் நெரிசல் அதிகம். கைக்குழந்தை உள்ளவர்கள் காலையிலேயே புறப்படுவது நல்லது.

விகாரை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். தாதுகோபத்தின் அருகே தெற்கிலிருந்து வந்த பெண்கள் பூ வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 1958 கலவரத்தில் இந்த விகாரை தாக்கப்பட்டது. பின்னர் மீண்டும் கட்டினார்கள். அம்மன் கோயில் 1986இல் தாக்கப்பட்டுத் தேர் எரிக்கப்பட்டது. அதையும் நம்மவர்கள் மீண்டும் எழுப்பினார்கள். இரண்டும் எரிந்து எழுந்தவை.

மணி ஆசனம் ஒன்றுக்காக மாமனும் மருமகனுமான இரு நாக அரசர்கள் போரிட வந்தார்களாம். புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்கிறது மகாவம்சம். நம் மணிமேகலையும் மணிபல்லவத்துப் பீடிகையைப் பற்றி இதே கதையைச் சொல்கிறது. அந்த மணிபல்லவம் நயினாதீவே என்பது பலரின் கருத்து. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்ததும் அங்கேதான்.

அந்தப் பாத்திரத்தில் முதற் சோறு இட்டவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவன், கைப்பொருளை வேறொருத்தியிடம் அழித்துவிட்டுக் கப்பலேறியவன். கப்பல் உடைந்தது. தப்பி வந்தவர்கள் அவன் இறந்தான் என்றார்கள். உடல் வரவில்லை. ஆதிரை தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. அவன் உயிரோடிருக்கிறான் என்று அசரீரி சொன்னது. காத்திருந்த நாட்களிலும் அவள் தருமம் செய்தாள். ஒருநாள் அவன் வந்தான்.

காணாமற்போனவர்களின் படத்தோடு காத்திருக்கும் நம் பெண்களுக்கு எந்த அசரீரியும் கேட்கவில்லை. ஆகவே கணவன் திரும்பிய பகுதியை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. செய்தி ஒன்றும் தெரியாமலே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்கும் பெண்களை நான் அறிவேன். ஆதிரையைவிட அவர்கள் பெரியவர்கள் என்பேன்.

அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். மத்தியானம் அங்கே பந்தியில் இருந்தேன். பக்கத்தில், விகாரையில் பார்த்த சிங்கள அம்மா ஒருவர். பரிமாறிய பிள்ளை, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு?" என்று கேட்டபோது இருவருமே நிமிர்ந்து பார்த்தோம்.