பேச்சு வந்தது, பாடம் வரவில்லை

ரஷ்யக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஏழு, எட்டு வயதில் அமெரிக்க வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாக வந்த சிறுவர்கள் பலரிடம் பெற்றோர் கண்ட கதை இது. சில மாதங்களிலேயே பையன் ஆங்கிலத்தில் வாயடிப்பான். கடையில் கேட்டு வாங்குவான், விளையாட்டில் சண்டைக்கு நிற்பான். வீட்டாருக்குப் பெருமை பிடிபடாது. மேல்வகுப்புக்குப் போனதும் சிக்கல் தலைகாட்டும். எண்ணாகக் கொடுத்த கணக்கைப் போடுகிறவன், அதையே நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் விழிப்பான்.

2004-ல் மட்டும் சுமார் 23,000 வெளிநாட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குத் தத்துப் போனார்கள். பின்னர் ரஷ்யா 2013-லும் சீனா 2024-லும் கதவை அடைத்தன. ஆனால் போனவர்கள் கற்றுத்தந்த பாடம் பெரிது.

அன்றாடப் பேச்சு வேறு, பாடப்புத்தக மொழி வேறு என்று 1979-ல் பிரித்துக் காட்டியவர் கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ். முன்னது இரண்டு ஆண்டுகளில் கைவரும். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். அவர் மனதில் இருந்தவர்கள் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு வீட்டில் அம்மா மொழி இருக்கிறது. அதில் விளங்கிக்கொண்டதைப் புது மொழிக்குக் கடத்தலாம். தத்துப்பிள்ளைக்கு வீடே புது மொழிதான். பழையது உதிர்கிற வேகத்தில் புதியது வேரூன்றுவதில்லை. காப்பகங்களில் உட்கார்ந்து பேச ஆளில்லாததால் பலருக்கு முதல் மொழியே நோஞ்சானாக இருந்தது என்பது இன்னொரு துயரம்.

அந்த உதிர்வு எவ்வளவு முழுமையானது? மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சுக்குத் தத்து வந்த கொரியர்களை, வளர்ந்தபின் ஆய்வாளர்கள் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். கொரிய வாக்கியம் எது என்றே அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மூளை ஸ்கேனிலும் கொரியம் ஏதோ ஓர் அந்நிய மொழியாகவே பதிவானது. எட்டு வயதுவரை பேசிய மொழி இப்படி அழிந்துபோகும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்!

ஆனால் 2014-ல் மான்ட்ரியலில் வேறு விடை வந்தது. ஒரு வயதையொட்டித் தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சீனப் பிள்ளைகளின் மூளை, சீனத் தொனிகளைச் சீனம் பேசுவோர் மூளை போலவே கையாண்டது. நெதர்லாந்தில் வளர்ந்த கொரியத் தத்துப்பிள்ளைகளும் பயிற்சி தந்தபோது, கொரிய ஒலிகளை மற்ற டச்சுக்காரர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். பொருள் போனபின்னும் ஓசை எங்கோ தங்கியிருக்கிறது. வகுப்பறையில் அதனால் பெரிய உதவி இல்லை என்பதும் உண்மை.

ஆனால் பல அமெரிக்கப் பள்ளிகள் தத்துப்பிள்ளைகளையும் குடியேறியோருக்கான ஆங்கில வகுப்பில் உட்காரவைத்து, காலம் போனால் சரியாகிவிடும் என்று காத்திருந்தன. நியூயார்க் உளவியலாளர் போரிஸ் கிண்டிஸ் இதை ஏற்கவில்லை. பிள்ளை வந்திறங்கிய முதல் சில வாரங்களில், தாய்மொழி வாயில் இருக்கும்போதே, அந்த மொழியிலேயே சோதித்துவிட வேண்டும் என்கிறார். தள்ளிப்போட்டால், திணறலுக்குக் காரணம் ஆங்கிலம் புதிது என்பதா, முன்பிருந்தே உள்ள குறைபாடா என்று பிரித்தறியக் கையில் மொழியே இருக்காது.