சகோதரி சுப்பலட்சுமி: கல்வியால் மாறிய வாழ்க்கை

சகோதரி சுப்பலட்சுமி (1886–1969) சென்னையைச் சேர்ந்த கல்வியாளரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். கணவனை இழந்த பெண்ணுக்கு எதிர்காலமே இல்லை என்று கருதப்பட்ட காலத்தில், வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பணியை ஏற்றவர்.

மாணவி

சிறுவயதில் திருமணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் பல குடும்பங்களில் இத்தகைய சிறுமிகளின் தலையை மழித்து, வீட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைத்தனர். ஆனால் இவரைக் குடும்பத்தினர் படிக்க வைத்தனர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரி இவரே.

ஆசிரியர்

1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் கைம்பெண்களுக்காக இவர் நடத்திய இல்லம் மெரினா கடற்கரையோரம் உள்ள ஐஸ் அவுஸில் இயங்கியது. அங்கு தங்கிய பெண்கள் படித்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்றனர். வயது வந்த கைம்பெண்களுக்குச் சாரதா வித்யாலயா விடுதி வசதியுடன் கல்வி அளித்தது. லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகவும் இவர் பணியாற்றினார்.

பிற்காலம்

ஐம்பது வயதைக் கடந்த பின், 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னை சட்டமேலவை உறுப்பினராக இருந்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

முக்கியத்துவம்

வாழ்க்கையை மீண்டும் தொடங்க மனவுறுதி மட்டும் போதாது. தங்க இடமும் கல்வியும் வருமானமும் வேண்டும். தமக்குக் குடும்பம் அளித்த அந்த வாய்ப்பை, அது கிட்டாத பெண்களுக்கு நிறுவனங்கள் வழியாக அளித்ததே இவரது முக்கியப் பங்களிப்பாகும்.