பரிசலின் அடிப்புறத்தைச் சுத்தஞ்செய்து தார் பூசும் முறை

அமராவதி, பவானி, காவேரி நதிக்கரைகளிலுள்ள குடியானவர்களுக்கும் மீன் பிடிப்போருக்கும் பரிசல் மிகவும் பயன்படும் சாதனமாகும். 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர், 1957-ல் கட்டி முடிந்த அமராவதி ஆகிய நீர்த்தேக்கங்களில் பரிசலிலிருந்தே வலை விடுகிறார்கள். சிறிய பரிசலை ஓராள் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். தூர இடங்களுக்குச் சின்ன லாரியில் ஏற்றிப் போகலாம். ஆயினும், ஒழுக்குக் கண்ட பின்னரே தார் பூச நினைப்பவர் பலர். அவ்வொழுக்கு நடு நீரில் காணுமாயின் பொருளோடு உயிரும் போகும்.

அமைப்பு.— மூங்கிற் பிளாச்சுகளை வட்டக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் அதன்மேல் தோல் போர்த்தினர். இக்காலத்தில் பிளாஸ்டிக் படுதாவோ சாக்கோ போர்த்தித் தார் பூசுகின்றனர். ஈராக் தேசத்து வட்டப் படகுகளுக்கும் வேல்ஸ் நாட்டுப் பரிசல்களுக்கும் இவ்வாறே கீல் பூசுவது வழக்கம். மூங்கில் பாரத்தைத் தாங்குகிறது. தார் ஜலத்தைத் தடுக்கிறது. வெயிலில் தார் வறண்டு வெடித்தால், வெடிப்பின் வழியே ஈரம் இறங்கி மூங்கிலில் பூஞ்சணம் பற்றும். இந்நிலையில் சுத்தஞ்செய்யாமல் மேலே தார் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். வெளிப்புறம் புதியது போல் தோன்ற, உட்புறம் உளுத்துக்கொண்டே போகும்.

சுத்தஞ்செய்தல்.— மழையற்ற மாசி, பங்குனி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. பரிசலை இரண்டு கட்டைகளின்மேல் கவிழ்த்து, பாசியையும் சேற்றையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவவேண்டும். பெயர்ந்த தாரை மழுங்கிய மரத்துண்டால் சுரண்டலாம், அரிவாள் கூடாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கழிவாக விழும் பருத்தித் துணி துடைப்பதற்கு மிக நன்று. பாலியெஸ்டர் துணி ஈரத்தை உறிஞ்சாது. பின்பு சில நாட்கள் காற்றோட்டமாக உலர்த்தி, உட்புறப் பிளாச்சுகளை விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். மெத்தென்று அமுங்குவதை நீக்கிப் புதுப் பிளாச்சு பின்னுதல் அவசியம்.

தார் பூசுதல்.— வாயகன்ற பாத்திரத்தில் பாதியளவே தாரை இட்டு, இளகி ஓடும் வரை மட்டும் காய்ச்சவேண்டும். அதிகச் சூடு பிளாஸ்டிக் படுதாவை உருக்கிவிடும். காயும் தாரில் ஜலம் பட்டால் பொங்கி மேலே தெறிக்கும். தீப்பற்றினால் ஜலம் ஊற்றலாகாது. மூடியால் மூடி மணல் போடவேண்டும். கிழிசலுக்கு, நாற்புறமும் நான்கு விரற்கடை மிகுந்த துணியைத் தாரில் பதித்து ஒட்டவேண்டும். அதன்பின் மெல்லிய பூச்சு ஒன்றிட்டு, அது இறுகியபின் மற்றொன்று இடுக. தடித்த பூச்சு பாரத்தைக் கூட்டுவதோடு விரைவில் வெடிக்கும். மீந்த தாரையும் மண்ணெண்ணெயையும் நீரில் கொட்டலாகாது.

பரீக்ஷை.— ஆட்கள் ஏறுமுன், ஆழமற்ற நீரில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சில மணி நேரம் மிதக்கவிட்டு ஒழுக்குப் பார்க்கவேண்டும். தரையில் இழுத்துச் சென்றால் புதுத் தாரும் தேய்ந்துவிடும். தூக்கிச் செல்வதே முறை.

களையைக் கடத்தாமை.— பரிசலை வேறு குளத்துக்குக் கொண்டு போகுமுன் அடிப்புறத்தில் ஒட்டிய செடிகளைக் கரையிலேயே அகற்றி உலர்த்தவேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை சிறு தண்டுத் துண்டிலிருந்தும் தழைக்கும். ஒரு பரிசலோடு வந்த துண்டு, ஏரி முழுவதும் படர்ந்து மதகை அடைத்து ஆயக்கட்டு முழுமைக்கும் நஷ்டம் விளைவிக்கக்கூடும்.

பரிசல் துறையுள்ள ஊர்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு பரிசலையும் கவிழ்த்துப் பார்க்கும்படி கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்தல் நலம். உளுத்த பரிசலில் ஆட்களை ஏற்றலாகாது. நல்ல பரிசலிலும் உயிர்காக்கும் மிதவைச் சட்டையின்றி எவரும் ஏறலாகாது.