ஔஷதமும் அவஸ்தையும்

முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "மறுபடியும் எழுந்து நடப்பாரா?" என்றே விசாரிக்கிறார்கள். ஆயினும், இரண்டாம் உலக யுத்தத்திற்கு முந்திய காலத்தில் இத்தகையோரின் பிராணனைப் பெரும்பாலும் கொண்டுபோனவை படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப் பாதையில் தொடங்கிச் சிறுநீரகங்களை அழித்த தொற்றுமே ஆகும்.

மூளையின் ஆக்ஞை தண்டுவடத்தில் அறுபட்டுவிட்டால், சிறுநீர்ப்பை பெரும்பாலும் நிறையுமுன்பே தன்னிச்சையாகச் சுருங்க முற்படுகிறது; அதே சமயத்தில் அதன் வாயிலைக் காக்கும் தசையும் நெகிழாமல் இறுகி நிற்பதால், பைக்குள் அழுத்தம் ஏறி, நாளடைவில் சிறுநீரகங்களையே பழுதாக்குகிறது. அந்த அழுத்தத்தைத் தணிப்பதே மருந்தின் முதற் கடமை. துணி நனையாமல் காப்பது அதற்கு அடுத்தது.

1975 முதல் அமெரிக்காவில் வழங்கிவரும் ஆக்சிபியூட்டினின், பையின் தசையைச் சுருங்கத் தூண்டும் அசிட்டைல்கோலினைத் தடுத்து அக்கடமையைச் செய்கிறது. ஆனால், உமிழ்நீர் ஊறுவதற்கும் குடல் அசைவதற்கும் அதே ரசாயனம் வேண்டியிருப்பதால், நாக்கு வறண்டு, மலச்சிக்கலும் சேர்கிறது. காயத்தால் முன்னமே குடல் மந்தித்துப்போனவருக்கு இது சாமானிய அவஸ்தை அன்று. நாவறட்சி தீர அவர் மிடறு மிடறாகத் தண்ணீர் பருக, எந்தப் பையை அடக்க மாத்திரை விழுங்கினாரோ, அந்தப் பையே சீக்கிரம் நிறைந்துவிடும் விசித்திரமும் நேர்கிறது. பின்னால் வந்த டோல்டெரோடின், சாலிஃபெனசின் ஆகியவற்றில் வறட்சி சற்றுக் குறைவு. டிராஸ்பியம் மூளைக்குள் எளிதில் புகாததால், ஞாபகம் மங்கும் வயோதிகருக்கு அனுகூலமானது. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரான் வேறு வழியே தசையைத் தளர்த்துவதால் நாவை வறளச் செய்வதில்லை. எனினும் ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும்; தண்டுவடக் காயத்தில் அதன் பலனுக்குச் சான்றும் பழைய மாத்திரைகளுக்கு உள்ள அளவு இல்லை.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் 200 யூனிட்டை 30 கூறுகளாக்கிப் பையின் சுவரிலேயே ஊசியால் செலுத்தும் முறை 2011-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பல மாதங்கள் நிற்கும் பலன் இது. ஆனால் தளர்ந்த பை தானாகக் காலியாகாதே! ஆகையால், 1972-இல் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடெஸ் எடுத்துரைத்தபடி, சுத்தமான கதீட்டர் குழாயைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை செருகிச் சிறுநீரை வடிக்கும் உபாயத்திற்கு நோயாளி முன்கூட்டியே இசைந்திருக்க வேண்டும்.

கசிவு நின்றதும் நிம்மதி கொள்வது மனித சுபாவம். பைக்குள் அழுத்தம் குறையாமலே கசிவு மட்டும் குறைவதுண்டாதலால், எந்த ஔஷதம் சிறந்தது என்னும் விவாதத்தைத் தீர்க்கவேண்டியது அந்த அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரீட்சையே. அழுத்தத்தைத் தணிப்பவை பலவாயின், அவற்றுள் எதன் உபத்திரவத்தைத் தாங்க முடியும் என்று சொல்லவேண்டியவர் அதைத் தினமும் விழுங்குகிறவர்.