பிள்ளை யார் கையில்?

எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “தாய் அருகில் இல்லாவிட்டால் இப்பிள்ளையை வளர்ப்பது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டார் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இதென்ன கேள்வி! மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்கின்றன. ஆகவே பிள்ளை அம்மம்மாவிடமோ, பெரியம்மா சின்னம்மா வீட்டிலோ வளரும். அதனை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுந்ததில்லை.

ஆனால், இன்று இவ்வூர்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் மெல்பேணிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் பிறக்கின்றனர். அவர்களுள் சிலரது பெற்றோரின் வதிவிட உரிமை இன்னும் முடிவாகாதது. அங்கே குடிவரவு அதிகாரிகள் கதவைத் தட்டினால், நமது குடிவழக்கத்தை யார் அறிவார்? எழுத்தில் உள்ளதையே கேட்பார்கள்.

2018ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி விடியற்காலையில், அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்துப் பிலோவீலா என்னும் சிற்றூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதுதான் நேர்ந்தது. தாயும் தந்தையும் படகில் சென்ற இலங்கையர்கள். பிள்ளைகள் இருவரும் அம்மண்ணில் பிறந்தவர்கள். மூத்தவளுக்கு மூன்று வயது நிரம்பவில்லை, இளையவளுக்கு ஒன்றும் நிரம்பவில்லை. பொருட்களை எடுத்துக்கொள்ளக் கிடைத்தது ஏறத்தாழப் பத்து நிமிடம். 2019 ஓகஸ்டில் அவர்களை நாடு கடத்தப் புறப்பட்ட விமானம், நீதிமன்றத் தடையுத்தரவினால் டார்வினில் இறங்கியது. அதன்பின் கிறிஸ்மஸ் தீவில் தடுப்புக்காவல். இளைய பிள்ளை நோயுற்று 2021 ஜூனில் பேர்த் நகர வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். ஊர்மக்கள் விடாது குரல்கொடுத்தமையால் 2022 ஜூனில் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் நிரந்தர வதிவுரிமையும் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. அது மீளாத பருவமன்றோ?

நமது கரைக்கே வந்த நிகழ்ச்சியும் உண்டு. 2014 ஜூலையில், கொக்கோஸ் தீவுகளுக்கு மேற்கே அவுஸ்திரேலியர் மறித்த படகில் இருந்த 41 பேர், மட்டக்களப்புத் துறைமுகத்துக்கு அப்பால் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டனர். பெரும்பாலோர் சிங்களவர், சிலர் தமிழர், பிள்ளைகளும் இருந்தனர். காலி நீதிமன்றத்துக்கே அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

பத்து நிமிடத்தில் எதனை எடுப்பது என்பதை முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும். முதலாவது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரசையாவதற்கு, பிறந்து ஓராண்டுக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிவுசெய்யப்படல் வேண்டும். தக்க காரணம் காட்டினால் பின்னரும் பதியலாம். தாய் மட்டும் இலங்கையராயினும் இவ்வுரிமை உண்டென்பது 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பயன். இப்பதிவு இல்லாத பிள்ளை, எந்நாட்டுக் கடவுச்சீட்டும் இன்றி இடையில் நிற்க நேரிடும். ஆனால் அடைக்கலம் கோரியிருப்போர் சட்டத்தரணியைக் கேளாமல் தூதரகத்தை நாடலாகாது. எவரிடமிருந்து தப்பி வந்தாரோ அவரிடமே முகவரி கொடுப்பதாக முடியக்கூடும்.

அடுத்தது, பிள்ளையைப் பொறுப்பேற்பவரின் பெயர். இங்கே அற்றோணித் தத்துவமும் சத்தியக்கடதாசியும் நாம் அறிந்தவை. காணி விற்கவும் வழக்காடவும் எழுதுகிறோம், பிள்ளைக்காக எழுதுவோர் அரியர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிள்ளையுடன் வாழும் உறவினர் ஒரு சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டால், நீதிமன்றம் செல்லாமலே பாடசாலையில் சேர்க்கவும் வைத்தியத்துக்கு இசையவும் முடிகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. அவ்விடத்துச் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதுவதே முறை. பொறுப்பேற்பவரிடம் முதலில் சம்மதம் பெறுங்கள். அம்மம்மா மட்டக்களப்பில் இருந்தால் அன்றிரவே பிள்ளையைத் தூக்க அவரால் இயலாது. அருகிலுள்ள ஒருவரும் வேண்டும்.

மத்திய கிழக்குக்குச் செல்லும் நம் தாய்மாருக்கும் இது பொருந்தும். 2013இல் அரசு கேட்கத் தொடங்கிய குடும்பப் பின்னணி அறிக்கை பெண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டமையால் பலரது வெறுப்புக்குள்ளாகி, பின்னர் தளர்த்தப்பட்டது. வெறுப்பு நியாயமே. எனினும் பிள்ளையை யார் பார்ப்பார் என்று அது கேட்ட கேள்வி தவறன்று; தந்தையரிடமும் கேட்டிருக்கலாம்.

பாலர் பாடசாலை ஆசிரியைக்கும் இதிற் பங்குண்டு. அமெரிக்காவில் பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் குடிவரவு அதிகாரிகள் இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்றிருந்த நெறிமுறை 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது முதல், இது அங்கே நாள்தோறும் எழும் கவலை. பிள்ளையை அழைத்துச் செல்லத் தக்க மூவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஏட்டில் இருக்கட்டும். பெற்றோரின் வீசா விபரம் அதில் வேண்டாம், இல்லாததை எவரும் கேட்டுப் பெறமுடியாது. மாலை ஐந்து மணியாகியும் யாரும் வராவிட்டால் முதலில் யாரை அழைப்பது என்பது உதவியாளருக்கும் தெரிந்திருக்கட்டும். இலங்கையில் ஒரு பிள்ளை ஆதரவின்றி நின்றால் 1929 என்னும் சிறுவர் உதவி இலக்கம் உண்டு.

பிள்ளையிடம் எதைச் சொல்வது? நான்கு வயதுப் பிள்ளைக்கு நாடுகடத்தல் என்ற சொல் வேண்டியதில்லை. “அம்மா வரப் பிந்தினால் சின்னம்மா வருவா” என்று சொன்னாற் போதும். சற்றே வளர்ந்த பிள்ளையாயின், சின்னம்மாவின் தொலைபேசி எண்ணைப் பாட்டுப்போல மனனஞ் செய்விக்கலாம்.