கணக்கில் தெளிவு, தோட்டத்தில் அமைதி

பால் நிறுக்கும் இடத்தில் எழும் ஒரு சொல், சில தோட்டங்களில் நெடுநாள் மனக்கசப்புக்கு வித்தாகிவிடுகிறது. "நேற்று இருந்த அதே பால்தானே, இன்று மட்டும் கணக்கு ஏன் குறைந்தது?" என்று தொழிலாளி கேட்கிறார். "பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது" என்கிறார் கிராணி. கேட்டவருக்கு அது பதிலாகத் தோன்றுவதில்லை; பழியாகவே தோன்றுகிறது. இப்பிணக்கின் வேர் எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வோம்.

மரத்திலிருந்து வடியும் பால் முழுவதும் ரப்பர் அன்று. பொதுவாக 100 கிலோ பாலில் 30 முதல் 40 கிலோ வரையே ரப்பர் உண்டு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஒருவர் 20 கிலோ பால் கொண்டு வருகிறார் எனக் கொள்வோம். ரப்பர் அளவு நூற்றுக்கு 35 என்றால் 7 கிலோ கணக்கில் சேரும். 32 என்றால் 6.4 கிலோதான். இவ்வேறுபாடு நாள்தோறும் நீடித்தால், 25 வேலை நாட்களில் 15 கிலோ ஆகிவிடும். ஆகவே தொழிலாளி விளக்கம் கேட்பது நியாயமே.

ரப்பர் அளவு குறைந்ததனாலேயே தொழிலாளி தவறு செய்தார் என்று முடிவு கட்டலாகாது. மழைநீர் மங்கில் விழுதல், பருவ மாற்றம், மர வகை, பால் பெருக்கும் மருந்து ஆகியவையும் காரணமாகலாம். சோதனையிலும் பிழை நேரலாம். ரப்பர் நீரைவிட இலேசானது என்ற அடிப்படையில் இயங்குவது மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி. பாலில் நுரை இருந்தாலும், பால் உறையத் தொடங்கியிருந்தாலும் அது சரியான அளவைக் காட்டாது. ஐயம் எழுமிடத்துச் சிறிது பாலை எடுத்து உறையவைத்து, உலர்த்தி நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

பொறுப்பு இரு தரப்பினருக்கும் உரியது. மங்கையும் வாளியையும் தூய்மையாக வைத்திருத்தல், நிரையில் மரங்களை விடாமல் வெட்டுதல், பட்டையைக் காயப்படுத்தாதிருத்தல், பாலில் நீர் சேர்க்காதிருத்தல் ஆகியன தொழிலாளியின் கடமைகள். தொழிலாளியின் கண்ணெதிரே நிறுத்தல், எடையையும் ரப்பர் அளவையும் அன்றே அறிவித்தல், கேள்விக்குப் பொறுமையாக விடையளித்தல் ஆகியன நிர்வாகத்தின் கடமைகள். கேள்வி கேட்பவரைக் கலகக்காரர் என்று கருதுவது தவறு. கணக்கெழுதும் கிராணியைப் பகைவர் என்று கருதுவதும் தவறு.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. சட்டம் அனுமதிக்காத பிடித்தம் எதனையும் சம்பளத்தில் செய்யலாகாது. ஒழுங்கீனத்திற்காகத் தண்டிக்கும் முன்னர் முறையான விசாரணை நடைபெற வேண்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தால், அக்காலம் இரண்டு வாரத்தைத் தாண்டலாகாது. அதுவரை அரைச் சம்பளத்திற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் மெய்ப்படாவிடில், பிடித்து வைத்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும்.

நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின்படி 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாளைக் கடத்துவோர் அவ்வுரிமையை இழக்க நேரிடும்.

எனவே, தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நலம். தேதி, எடை, ரப்பர் அளவு, மழை பெய்ததா என்ற நான்கு விவரங்களை அன்றாடம் எழுதி வரலாம். எழுத இயலாதவர்க்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் உதவலாம். ஐயம் தோன்றினால் அன்றே கங்காணியிடமோ கிராணியிடமோ அமைதியாகக் கேட்க வேண்டும். தீராவிடில் நிர்வாகியிடமும், பின்னர்ச் சங்கக் கிளையிடமும் கொண்டு செல்லலாம். சம்பளத்தைப் பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கும்.

கோபத்தில் வீசிய சொல் சாட்சியாக நிற்பதில்லை. நாள்தோறும் எழுதி வைத்த கணக்கு நிற்கும். அது தொழிலாளியையும் காக்கும். நேர்மையான நிர்வாகத்தையும் காக்கும்.