கண்டியின் விளக்கும் வயலுக்குப் போகும் தண்ணீரும்

மின்சாரத்தைச் சேமிப்பது பட்டணத்துக்காரர் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். காணியை இழந்து வேறிடத்தில் வயல் செய்கிற நமக்கு அதில் என்ன பங்கு? கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து நிற்கும் சிறிய அணையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1976 இல் திறக்கப்பட்ட இந்த அணையில் ஆற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து அம்பன் கங்கை வழியாகப் போவதென்னையை அடைந்து, கலாவாவிக்கும் அனுராதபுரப் பக்கத்துக் குளங்களுக்கும் பாய்வது. மற்றது, ஆற்றோடு இறங்கி விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்று மின்நிலையங்களையும் சுழற்றுவது. விக்டோரியா மட்டும் 210 மெகாவாற்று. உக்குவளையோ ஏறத்தாழ 40 தான். ஆகவே ஒரே தண்ணீர் கீழே போனால் மின்சாரம் கூடுதல், வடக்கே போனால் நெல் கூடுதல். கீழே போகிற தண்ணீரும் வீணல்ல. மினிப்பே, மகியங்கனைப் பக்கத்து வயல்கள் அதனால்தான் விளைகின்றன. ஆனால் கலாவாவி விவசாயிக்கு அது திரும்பி வராது.

மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் இந்த இழுபறி வெளியே தெரியாது. வரட்சியில்தான் தெரியும். 1996 இல் மழை பொய்த்தபோது நாடு முழுவதும் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் இருளில் இருந்தது. 2023 ஆகஸ்டில் உடவளவை விவசாயிகள் பயிர் கருகுகிறது என்று சமனலவாவித் தண்ணீரைக் கேட்டார்கள். தெற்கில் மின்வெட்டு வரும் என்று மின்சார சபை தயங்கியது. அமைச்சரவை தலையிட்ட பிறகே தண்ணீர் திறக்கப்பட்டது. அதற்குள் கருகியது கருகியதுதான்.

விக்டோரியா 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் நீருக்கடியில் போயின. பல்லாயிரம் பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அந்த விலையைக் கொடுத்துப் பெற்ற மின்சாரத்தைப் பகலிலும் எரியும் கடை விளக்குக்குச் செலவிடுவது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். விக்டோரியாவில் ஓர் அலகு மின்சாரம் பிறக்க 2,000 லீற்றருக்குக் குறையாத தண்ணீர் வேண்டும். பழைய 60 வாற்று மின்குமிழ் இரவில் நான்கு மணித்தியாலம் எரிந்தால் கால் அலகு போய்விடும். அதே வெளிச்சம் தருகிற 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு அதில் ஆறிலொரு பங்குகூட வேண்டாம். ஒரு குமிழை மாற்றினால் ஓர் இரவில் 400 லீற்றர் மிச்சம்; கிணற்றிலிருந்து நாற்பது வாளி இறைப்பதற்குச் சமம்! கண்டி, பேராதனை, கட்டுகஸ்தோட்டை எங்கும் எத்தனை விடுதிகள், கடைகள், வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

மாலை 6.30 முதல் 10.30 வரைதான் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். ஸ்திரிக்கைப் பெட்டி, தண்ணீர்ப் பம்பி போன்றவற்றை அந்த நேரத்தில் போடாமல் விடுவதே பெரிய உதவி.

கூரையில் பொருத்தும் சூரியத் தகடுகளை ஊக்குவிக்க 2016 இல் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சூரியன் இரவில் விளக்கெரிக்காதே என்று சிலர் சிரிப்பார்கள். நேரடியாக எரிக்காதுதான். ஆனால் பகலில் சூரியன் கொடுக்கும் அளவுக்கு விசையாழியை நிறுத்தி வைக்கலாம். தண்ணீர் நீர்த்தேக்கத்திலேயே தங்கும், இரவுக்கு உதவும். மின்கலம் வாங்கப் பணமில்லாத நாட்டுக்கு நீர்த்தேக்கமே மின்கலம். மலையும் ஆறும் சூழ்ந்த கண்டிக்கு இது மிகப் பொருந்தும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் மகாவலி அதிகார சபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் என்று திட்டம் வகுக்கிறது. மின்சார சபையும் அதில் பேசுகிறது. உங்கள் பகுதியில் போகத் தொடக்கக் கூட்டம் நடக்கும்போது இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: இந்தப் போகத்தில் பொல்கொல்லையிலிருந்து நமக்கு எவ்வளவு? மழை குறைந்தால் முதலில் வெட்டப்படுவது எது, நமது வாய்க்காலா, நகரத்து விளம்பர விளக்குகளா?